கரையில் நின்று தூண்டில் வீசப் போகிறீர்களா? பையில் ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் இருக்கட்டும்

கரையில் நின்று தூண்டில் வீசுகிறவருக்கு அடுத்து என்ன மீன் வரும் என்று தெரியாது. வள்ளத்தில் போகிறவர் இந்த வலைக்கு இந்த மீன், இந்த ஆழத்துக்கு இந்த மீன் என்று கணக்கு வைத்துப் போவார். கரையில் அந்தக் கணக்கு நடக்காது. ஒரே இறால் துண்டை ஒரே இடத்தில் வீசினாலும் முதலில் கிழங்கான் வரும், அப்புறம் கீச்சான், அப்புறம் ஒரு சின்னத் திருக்கை, அதற்கடுத்து வயிறு ஊதிய பேத்தை. இந்த வகைவகையான வரவுதான் என்னைக் கடற்கரைக்கு இழுத்தது, இன்றைக்கும் இழுக்கிறது. ஆனால் வருகிற எல்லா மீனையும் ஒரே மாதிரி கையில் எடுக்க முடியாது என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. எப்படி வீசுவது, எப்படி முடிச்சுப் போடுவது, எந்த ரீல் நல்லது என்று சொல்லித்தர நூறு வீடியோ இருக்கிறது. தூண்டிலில் வந்த மீன் உங்கள் கையைக் குத்தினால் அடுத்த பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் தேடினேன், உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நான் நாகர்கோவிலில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்கக் குனிந்து சின்ன ஸ்க்ரூவும் சிப்பும் பார்க்கிற வேலை. அதனால் வாரத்தில் ஒரு சாயங்காலமாவது கடலைப் பார்க்கப் போய்விடுவேன். மணக்குடியில் பழையாறு கடலில் சேரும் பொழிமுகம் எனக்குப் பிடித்த இடம். சில நாள் முட்டம், சில நாள் தேங்காய்ப்பட்டணம், கிழக்குப் பக்கம் கடல் அமைதியாக இருந்தால் சின்னமுட்டம். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் கடலரிப்பைத் தடுக்கப் பல ஊர்களில் பெரிய பாறைகளைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டியிருக்கிறார்கள். தூண்டில் வளைவு என்பார்கள். அதன் நுனியில் நின்றால் வள்ளம் இல்லாமலே ஓரளவு ஆழத்துக்கு இரையை அனுப்பலாம்.

புதிதாக வருகிறவர்களுக்கு எந்தத் தரையில் என்ன மீன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரப்போகும் ஆபத்தும் இதோடு சேர்ந்ததுதான். வெறும் மணல் கரையில் கிழங்கான் கிடைக்கும். அலை உடைந்து திரும்பும் பள்ளத்திலேயே, பத்திருபது அடி தூரத்தில் அது மேயும். ரொம்ப தூரம் வீசுகிறவர்கள் அதைத் தாண்டி வீசிவிட்டு மீனே இல்லை என்பார்கள். சின்னத் தூண்டில் முள், 0.30 மி.மீ. தடிமன் நரம்பு (தூண்டில் நூல்), 30 கிராம் ஈயம், கடல்புழு அல்லது தோலுரித்த இறால் துண்டு போதும். அதே மணலில் திருக்கையும் நாக்கு மீனும் புதைந்து கிடக்கும். பாறையும் தூண்டில் வளைவும் உள்ள இடத்தில் கலவா, விளமீன், ஓரா, அஞ்சாலை. கலவா இரையை வாங்கியதும் பொந்துக்குள் ஓடிவிடும், முதல் இரண்டு நொடியில் தூக்காவிட்டால் நரம்பு போச்சு. பாறை நுனியிலிருந்து வெளியே 40 கிராம் உலோகத் தகடு வீசி வேகமாகச் சுற்றினால் பாரை, சீலா. சீலாவுக்கும் வாளைக்கும் பல் கத்தி மாதிரி, முள்ளுக்கு மேலே ஒரு சாண் கம்பி கட்டாமல் போகாதீர்கள். பொழிமுகத்தில் மடவை, கொடுவா, கெளுத்தி. மழைக்குப் பொழி முறிந்து, அதாவது முகத்தை அடைத்திருக்கும் மணல் திட்டு உடைந்து, செந்தண்ணீர் கடலில் விழும் நாட்களில் கொடுவா அந்தக் கலங்கல் ஓரமாக வந்து நிற்கும். பெரிய மீன் ஆசை உள்ளவர்கள் ஐப்பசி கார்த்திகையில் மணக்குடியில் நிற்பது இதற்காகத்தான். அதே கலங்கலில் கெளுத்தி வகை எல்லாமும் சுறுசுறுப்பாகிவிடும். அது எனக்கு அப்போது தெரியாது.

அன்றைக்கு ஐப்பசி மழை இரண்டு நாள் விட்டிருந்தது. கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு பைக்கில் மணக்குடிக்குப் போனேன். வழக்கமாக வரும் நண்பருக்கு வீட்டில் விசேஷம், நான் மட்டும்தான். பாறை நுனிக்குப் போய் சாளை மீனை முழுசாகக் கோத்துக் கொடுவாவுக்குப் போட்டேன். இருட்டி ஒரு மணி நேரத்துக்குப் பிறகு ராடு நுனி மெதுவாக வளைந்தது. கொடுவா இப்படி இழுக்காது, அது ஒரேயடியாகத் துள்ளும். இது கனமாக, அடியோடு அடியாக வந்தது. தலை விளக்கு வெளிச்சத்தில் பாறைமேல் ஏற்றிப் பார்த்தால் நான் அதுவரை பார்க்காத மீன். தலை கெளுத்தி மாதிரி, வாயைச் சுற்றி மீசை மீசையாக. உடம்பின் பின்பாதி விலாங்கு மாதிரி சப்பையாக நீண்டு கூராக முடிந்தது. ஒன்றரை அடிக்கு மேல் இருக்கும். தூண்டில் முள்ளை ஆழமாக விழுங்கியிருந்தது. வழுக்கும் மீனைத் துணியால் பிடிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்களே, அப்படியே ஒரு பழைய துண்டைச் சுற்றி தலைக்குப் பின்னால் இறுக்கிப் பிடித்தேன். மீன் ஒரு திருகு திருகியது. வலது கட்டைவிரலின் அடிச்சதையில் ஏதோ இறங்கியது.

முதல் நொடியில் சாதாரண முள் குத்து என்றுதான் நினைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, கை முழுக்க வலி ஏற ஆரம்பித்தது. மணிக்கட்டு, முழங்கை, அப்புறம் அக்குளில் கட்டி கட்டினாற்போல ஒரு இழுப்பு. எனக்குக் கை ஒடிந்திருக்கிறது, சிறுநீரகக் கல் வலியும் வந்திருக்கிறது. இந்த வலி அவை இரண்டையும் மிஞ்சியது. வியர்த்துக் கொட்டியது, வாந்தி எடுத்தேன். ரத்தம் அதிகம் வரவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. இவ்வளவு வலிக்கும் ஒரு சின்ன ஓட்டைக்கும் பொருத்தமே இல்லை. பைக் நிற்கும் இடம் எட்டும் தூரத்தில்தான், ஆனால் நடுவில் பாசி பிடித்த பாறைகள். தலை சுற்றுகிறது, ஒரு கை பயன்படாது. பாறை இடுக்கில் விழுந்தால் காலையில் வலைக்காரர்கள் வந்துதான் பார்ப்பார்கள் என்ற எண்ணம் வந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து, பின்பக்கமாக நகர்ந்து கரைக்கு வந்தேன். நடுவழியில் என் மகள் முகம் நினைவுக்கு வந்து அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. இடது கையால் தம்பிக்கு போன் போட்டு, அவன் ஆட்டோ எடுத்துக்கொண்டு வந்து சேர ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆனது.

வழியில் இருந்த ஒரு சின்ன மருத்துவமனைக்குப் போனோம். இரவுப் பணியில் இருந்த இளம் மருத்துவர் நல்லபடியாகத்தான் பார்த்தார். டெட்டனஸ் ஊசி, வலிக்கு ஊசி, ஐஸ் ஒத்தடம், காயத்துக்கு இரண்டு தையல். என்ன மீன் என்று கேட்டார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஐஸ் வைத்தபோது வலி குறையவே இல்லை, ஊசியும் எடுபடவில்லை. விடியும்வரை கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக் கூடத்தில் நடந்தேன். அடுத்த நாள் மதியத்துக்கு மேல்தான் வலி மெல்ல இறங்கியது. சரி, தப்பித்தோம் என்று கடையைத் திறந்தேன். நாலைந்து நாளில் கட்டைவிரல் அடி வீங்கிச் சிவந்தது, தையலைச் சுற்றிச் சூடு, ராத்திரியில் குளிர் காய்ச்சல். மணிக்கட்டை நோக்கி ஒரு சிவந்த கோடு ஓடியது. அதைப் பார்த்த என் மனைவி அன்றே இன்னொரு பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள்.

அங்கே எக்ஸ்ரேயில் தெளிவாக எதுவும் தெரியவில்லை. கை அறுவை சிகிச்சை நிபுணர் விடவில்லை, அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொன்னார். அதில் தெரிந்தது, உள்ளே முள்ளின் ஒரு துணுக்கு. அரைநெல் அளவுதான் இருந்தது. கெளுத்தி வகை மீன்களின் முள்ளில் ரம்பம் போல் பின்னோக்கிய பற்கள் உண்டு, முள்மேல் நஞ்சுள்ள தோலுறை ஒன்றும் உண்டு, குத்தி வெளியே வரும்போது இரண்டும் கிழிந்து உள்ளே தங்கலாம் என்று அவர்தான் விளக்கினார். மயக்க மருந்து கொடுத்துத் திறந்து சுத்தம் செய்தார்கள். தையல் போடாமல் திறந்தபடி விட்டு தினமும் கட்டுப் போட்டார்கள். கட்டு மாற்றும் ஒவ்வொரு நாளும் நான் பல்லைக் கடித்தேன். அப்புறம் விரலை மடக்கப் பிசியோதெரபி. எனக்குக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும்தான் சோறு போடுகிறது, ட்வீசர் பிடிக்க முடியாவிட்டால் தொழிலே இல்லை. விரல் பழையபடி வருமா என்று கேட்டபோது மருத்துவர் “பார்ப்போம்” என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனையோ ராத்திரி தூங்காமல் கிடந்தேன்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். முதல் மருத்துவமனையில் ஏறக்குறைய 2,000 ரூபாய். இரண்டாவதில் அறுவை சிகிச்சை, அறை வாடகை, மருந்து எல்லாம் சேர்த்து 46,000. கட்டு, பிசியோதெரபி வகையில் இன்னும் 7,000 போல. ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கடை அடைத்துக் கிடந்தது, வாடகை மட்டும் கொடுத்தேன். வருமான இழப்பையும் சேர்த்தால் 90,000 பக்கம் போயிருக்கும். பழுதுக்குக் கொடுத்த போன்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு போன வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தால் பெரும்பகுதி தப்பியிருக்கும். கடலுக்குப் போகிறவர்கள் ராடும் ரீலும் வாங்க எட்டாயிரம் பத்தாயிரம் போடுகிறோம், அதே நேரத்தில் ஒரு காப்பீட்டையும் யோசியுங்கள்.

கட்டுப் பிரித்த பிறகு மணக்குடிக்குப் போனேன். வலை கட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டாவிடம் மீனின் அடையாளத்தைச் சொன்னேன். அவர் கையை வாங்கித் தழும்பைப் பார்த்துவிட்டு, “மக்ளே, அது இருங்கெளுத்தில்லா? அதக் கையால தொடப்பிடாது. நாங்க நரம்ப அறுத்து விட்டுருவோம்” என்றார். “குத்தினா என்ன செய்வீங்க பாட்டா?” என்று கேட்டேன். “வெந்நீர்ல கைய முக்கிட்டு இருக்கணும். வேற என்ன?” என்று சொல்லிவிட்டு மறுபடி வலையை எடுத்துக்கொண்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நான் உட்கார்ந்து அழுத பாறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவர் வீடு. அன்றைக்கு ராத்திரி அந்தக் கதவைத் தட்டியிருந்தால் ஒரு பானை வெந்நீர் கிடைத்திருக்கும். அதனால் நண்பர்களே, எந்த ஊர்க் கரையில் நின்றாலும் முதலில் அந்த ஊர் வலைக்காரர்களோடு பேசுங்கள். என்ன மீன் வருகிறது என்பதோடு, எந்த மீனை நீங்கள் தொட மாட்டீர்கள் என்றும் கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் பதில் எந்தக் கடையிலும் விற்காது.

பாட்டா சொன்னதைப் பிறகு மருத்துவரிடமும் கேட்டேன். அவரும் அதையே சொன்னார். மீன் நஞ்சு பெரும்பாலும் புரதம், சூட்டில் அது செயலிழக்கும். இருங்கெளுத்தி, கெளுத்தி, ஓரா, திருக்கை எல்லாவற்றுக்கும் முதல் உதவி இதுதான். தண்ணீர் சுமார் 45 டிகிரி இருக்க வேண்டும், அதாவது கையை வைத்தால் சுடும், ஆனால் பொறுத்துக்கொள்ள முடியும். சூட்டைக் குத்துப்பட்ட கையால் பார்க்கக் கூடாது, நல்ல கையால் பார்க்க வேண்டும். குத்துப்பட்ட கை மரத்துப்போயிருந்தால் வெந்துபோவதுகூடத் தெரியாது. அரை மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை முக்கி வைத்திருக்கலாம், ஆற ஆறச் சூடான தண்ணீர் சேர்க்க வேண்டும், அப்படிச் சேர்க்கும்போது கையை வெளியே எடுத்துவிட வேண்டும். வெளியே எடுத்ததும் வலி திரும்பினால் மறுபடி முக்கலாம். ஐஸ் இந்த வலிக்கு உதவாது. கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிறு கட்டி இறுக்குவது எதுவும் வேண்டாம். இதையெல்லாம் மருத்துவமனைக்குப் போவதற்குப் பதிலாகச் செய்யச் சொல்லவில்லை. போகிற வழியிலும் காத்திருக்கும் நேரத்திலும் செய்ய வேண்டியது இது. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, உதடும் முகமும் வீங்குவது, மயக்கம் என்று வந்தால் வெந்நீருக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதும் முக்கியம். “மீன் முள் குத்தியது” என்று மட்டும் சொன்னால் சமையலறையில் குத்தியதா கடலில் குத்தியதா என்று தெரியாது. கடல் தண்ணீரில், உயிருள்ள மீன், இன்ன வகை, இத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். கடல் தண்ணீரில் விப்ரியோ போன்ற கிருமிகள் உண்டு, அவற்றுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் வேறு. சர்க்கரை நோயோ கல்லீரல் நோயோ இருப்பவருக்கு இந்தத் தொற்று சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம், அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். உள்ளே முள் துணுக்கு இருக்கிறதா என்று பார்த்தீர்களா, எக்ஸ்ரேயில் தெரியாவிட்டால் அல்ட்ராசவுண்ட் எடுக்கலாமா என்று நீங்களே கேளுங்கள். ஆழமான குத்தை உடனே தைத்து மூடாமல் விடலாமா என்றும் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் மருத்துவர் குறைவு. முடிந்தால் மீனைப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், உயிரைப் பணயம் வைத்து வேண்டாம்.

இருங்கெளுத்தியை அடையாளம் காண்பது எளிது. முதுகில் ஒன்று, இரண்டு பக்கத் துடுப்பிலும் ஒவ்வொன்று என்று மூன்று முள். குட்டிகள் கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடுகளோடு பந்தாகக் கூடி நீந்தும், பார்க்க அழகாக இருக்கும், பிள்ளைகள் கையை விட்டுவிடுவார்கள். குட்டியின் முள்ளும் நஞ்சுதான். செத்த மீனும் குத்தும். இரவில்தான் அதிகம் மேயும், அதனால் ராத்திரி அடியில் இரை போடுகிறவர்களுக்குத்தான் அதிகம் வரும். வாலைப் பார்த்ததுமே நரம்பை அறுத்துவிடுங்கள், பத்து ரூபாய் தூண்டில் முள் போனால் போகட்டும். சாதாரணக் கெளுத்திக்கும் அதே மூன்று இடத்தில் முள், விறைத்தபடி பூட்டிக்கொள்ளும். ஓரா சாப்பிட ருசியான மீன், பாறையில் நிறைய வரும், சாதுவாகத் தெரியும். அதற்கு முதுகில் 13, அடிவயிற்றுத் துடுப்பில் 7, இடுப்புத் துடுப்புகளிலும் இரண்டிரண்டு என்று உடம்பெல்லாம் நஞ்சு முள். வீட்டில் சுத்தம் செய்கிறவருக்கும் குத்தும், கத்தரியால் முதலில் முள்ளை வெட்டிவிட்டுக் கொடுங்கள். கீச்சானுக்கு நஞ்சு இல்லை, ஆனால் செவுள் மூடியில் இருக்கும் முள் பிளேடு போல அறுக்கும்.

திருக்கை வந்தால் அதன் முள் வாலில் என்பதை மறக்கக் கூடாது. மணல் கரையில் முட்டளவு தண்ணீரில் இறங்கி நிற்பவர்கள் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும், அதிர்வு கேட்டால் அது விலகிவிடும், மிதித்தால்தான் குத்தும். காலில் குத்தினால் வெந்நீர். நெஞ்சிலோ வயிற்றிலோ முள் தைத்து நின்றால் அதைப் பிடுங்கவே கூடாது, அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆஸ்திரேலியாவில் முதலைகளோடு விளையாடிய ஸ்டீவ் இர்வின் 2006-இல் இறந்தது நெஞ்சில் இறங்கிய திருக்கை முள்ளால்தான். அஞ்சாலை பாறைப் பொந்திலிருந்து வரும், கடித்தால் எளிதில் விடாது, அதற்கும் நரம்பை அறுப்பதுதான் வழி. பேத்தை கடிப்பதைவிட அதைத் தின்பதுதான் ஆபத்து. அதன் ஈரலிலும் சினையிலும் தோலிலும் உள்ள நஞ்சு எவ்வளவு வேகவைத்தாலும் போகாது, மாற்று மருந்தும் கிடையாது. உதடு மரத்துப்போவதில் ஆரம்பித்து மூச்சுத் தசை வரை செயலிழக்கும். தெரிந்தவர் சுத்தம் செய்தால் சாப்பிடலாம் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

ராத்திரியில் அடியில் இரை போட்டால் கடல் பாம்பும் எப்போதாவது முள்ளில் மாட்டும். விலாங்கு என்று நினைத்துக் கையில் எடுத்துவிடுவோம். வால் துடுப்பு போலச் சப்பையாக இருந்து உடம்பில் செதில் தெரிந்தால் அது பாம்பு. கடித்தால் வலிகூட இல்லாமல் போகலாம், சில மணி நேரம் கழித்துத்தான் உடம்பெல்லாம் தசை வலியும், சிறுநீர் கறுத்துப் போவதும் வரும். நம் ஊர் மருத்துவமனைகளில் இருக்கும் பாம்பு விஷ முறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலுக்கும்தான். கடல் பாம்புக்கு அது வேலை செய்யாது. அதனால் கடி படாமல் இருப்பதுதான் வைத்தியம். நரம்பில் வழவழவென்று நூல் நூலாகச் சொறி (ஜெல்லி மீன்) சுற்றி வந்தால் அதையும் வெறும் கையால் உருவாதீர்கள், இடுக்கியால் எடுத்துக் கடல் தண்ணீரால் கழுவுங்கள், நல்ல தண்ணீர் ஊற்றினால் எரிச்சல் கூடும்.

மீனைப் பற்றியே சொல்லிவிட்டேன், கடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் கரையில் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. இந்தியப் பெருங்கடலின் தெற்கே எங்கேயோ அடித்த புயல் எழுப்பிய நீண்ட அலை, இங்கே காற்றே இல்லாத வெயில் நாளில் திடீரென்று வந்து கரையேறும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்துபோனார்கள். அந்த நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் இந்த எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. நான் இப்போது கிளம்பும் முன் அதைப் பார்க்காமல் கிளம்புவதில்லை. வானம் தெளிவாக இருக்கிறது என்பது பாறை நுனியில் நிற்க ஒரு காரணமே அல்ல. நின்றாலும் முதலில் கால் மணி நேரம் பின்னால் நின்று, எந்தப் பாறை நனைகிறது என்று பாருங்கள். நனைந்த பாறைக்கு முன்னால் போகாதீர்கள். ஆனி ஆடியில் மேற்குப் பக்கத் தூண்டில் வளைவுகளில் ஏறுவதையே நான் விட்டுவிட்டேன்.

இப்போது என் பையில் இருப்பவை: ஒரு லிட்டர் ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர், அதைக் கலந்துகொள்ள ஒரு சின்ன வாளி, நீண்ட மூக்கு இடுக்கி, நரம்பு வெட்டும் கத்தரி, மீனின் தாடையைப் பிடிக்கும் கவ்வி, நீண்ட கைப்பிடிக் கைவலை, தடித்த கையுறை, தலை விளக்கு இரண்டு. கையுறை போட்டாலும் கெளுத்தி முள் துளைக்கும், அதை நம்பி மீனைப் பிடிப்பதில்லை. ஃபிளாஸ்க் தண்ணீர் கொதிநிலைக்குப் பக்கம் இருக்கும், வாளியில் கடல் தண்ணீரோடு கலந்து சூட்டைப் பார்த்துத்தான் கையை வைக்க வேண்டும். போனில் 108-உடன் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணும் பதிந்திருக்கிறது. பிடித்த மீனில் எனக்கு அடையாளம் தெரியாத எதையும் தரைக்கு ஏற்றுவதில்லை, கைவலைக்குள் வைத்தே பார்த்து, தெரியாவிட்டால் நரம்பை அறுத்து விட்டுவிடுகிறேன். மீன் வாயில் தங்கும் சாதாரணத் தூண்டில் முள் துருப்பிடித்து விழுந்துவிடும் என்பதால் துருப்பிடிக்காத எஃகு முள்ளை வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

கட்டைவிரல் முக்கால்வாசி மடங்குகிறது, ட்வீசர் பிடிக்கிறேன். குளிர் நாளில் அடிச்சதை இன்னும் கடுக்கும். மனைவி முதலில் ராடை விற்றுவிடச் சொன்னாள். இரண்டு பேராகப் போவது, இருட்டுவதற்கு முன் பாறையை விட்டு இறங்குவது என்று பேசி முடித்த பிறகு சம்மதித்தாள். தம்பிதான் இப்போது துணைக்கு வருகிறான். பொழி முறிந்த புதிதில் கொடுவாவுக்குப் பகலில் மட்டும் போகிறோம், சாளையை அடியில் போடுவதில்லை, மிதவை கட்டித் தண்ணீர் நடுவில் விடுகிறோம். கெளுத்தி குறைந்திருக்கிறது. போன மாதம் தம்பிக்கு மூன்று கிலோவுக்கு மேல் ஒரு கொடுவா விழுந்தது. பாட்டாவுக்குப் பாதி கொடுத்துவிட்டு வந்தோம்.